மலைப்பாம்புக்குக் காவல் இருந்த வெடிக்காரர்

வெடிக்காரருக்கு இடது காது சரியாகக் கேட்காது. அதை அவர் ஒத்துக்கொள்வதும் இல்லை. "வாயைத் திறந்து பேசாம முணுமுணுத்தா எனக்கு எப்படிக் கேட்கும்?" என்று எதிரில் இருப்பவர் மேலேயே பழியைப் போட்டுவிடுவார். பாறைக்கு வெடி வைத்து வைத்தே போன காது அது. கல்குவாரியில் சல்லி அள்ளுகிற ஆளாகச் சேர்ந்து, மூட்டை தூக்கி, வெடி வைப்பவருக்கு ஒயர் பிடித்துக் கொடுத்து, லைசென்ஸ் பரீட்சையில் இரண்டு தடவை கோட்டை விட்டு மூன்றாவது தடவை தேறி, வெடிக்காரர் ஆனவர். அன்றிலிருந்து பெற்றோர் வைத்த பெயரைக் கூப்பிட ஆள் இல்லை. கட்டிய மனைவியே கோபம் வந்தால் "ஏங்க வெடிக்காரரே" என்பாள்.

பொறுமைக்கும் அவருக்கும் வெகு தூரம். பஸ் ஐந்து நிமிஷம் தாமதமானால் நடந்தே போய்விடுவார். சோறு உலையில் இருக்கும்போதே தட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவார். ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவரை அவசரப்படுத்த யாராலும் முடியாது. வெடிப் பொத்தானை அமுக்குவதற்கு முன்னால் பாறையின் அடிவாரம் முழுவதும் அவரே ஒரு சுற்று நடப்பார். ஒவ்வொரு இடுக்கிலும் குனிந்து பார்ப்பார். சின்ன வயதில் ஒரு தடவை, சைரன் ஊதி முடித்த பிறகு, பாறை நிழலில் குடித்துவிட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருந்த லாரி டிரைவரை அவர் கண்டுபிடித்தார். அவனை எழுப்பி ஓட வைத்தார். அதற்குப் பிறகு சுற்று நடக்காமல் பொத்தானைத் தொட்டதில்லை.

அன்றைக்கும் அப்படித்தான். மேல் தட்டில் அவருடைய மச்சினன் மிஷினால் துளை போட்டு முடித்திருந்தான். மனைவியின் தம்பி. குவாரியில் துளை போடுகிற மிஷின் ஓட்டுகிறவன், கையில் போன் இல்லாமல் அவனுக்கு மூச்சு விட வராது. வெடிக்காரர் துளைகளில் வெடியைக் கிளப்புகிற தோட்டாவை ஒயரோடு இறக்கி, மருந்தை நிரப்பி, மேலே கல்தூள் போட்டு அடைத்து, ஒயர்களை இணைத்துவிட்டார். முதல் சைரன் ஊதியாயிற்று. எல்லாரும் தள்ளிப் போயாயிற்று. அவர் அடிவாரத்தில் நடந்தார்.

மேற்கு ஓரத்தில் ஓர் ஆள் தவழ்ந்து போகிற அளவுக்கு ஒரு பிளவு உண்டு. குனிந்து டார்ச் அடித்தார். உள்ளே கல் அரைக்கிற கிரஷரின் பழைய ரப்பர் பெல்ட்டைச் சுருட்டி எறிந்திருப்பது தெரிந்தது. 'எந்தக் கழுதை இதை இங்க கொண்டு வந்து போட்டது?' என்று திட்டியபடி கையை நீட்டினார். பெல்ட் மூச்சு விட்டது.

கையை எப்படி இழுத்தார் என்பது அவருக்கே நினைவில்லை. உட்கார்ந்த வாக்கிலேயே நாலடி பின்னால் வந்திருந்தார். மறுபடி டார்ச் அடித்தார். ஆள் தொடை அளவு பருமன். பழுப்பு நிறத்தில் கறுப்புப் பட்டைகள் கோணல்மாணலாக ஓடின. தட்டையான முக்கோணத் தலை, அதன் உச்சியில் ஈட்டி முனை வரைந்த மாதிரி ஒரு கறுப்பு அடையாளம். சுருளின் இடைவெளியில் வாத்து முட்டையை விடப் பெரிய வெள்ளை முட்டைகள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு குவியலாக.

"சனியனே, உனக்கு வேற இடமே கிடைக்கலையா?" என்றார் வெடிக்காரர். பாம்பு நாக்கை ஒரு தடவை நீட்டி உள்ளே இழுத்துக்கொண்டது.

முதலாளிக்குப் போன் போட்டார்.

"பாம்புக்காகவா வெடி நிக்குது? அமுக்குய்யா, லாரி எல்லாம் காத்துக்கிட்டு இருக்கு."

"உள்ள உசிரு இருக்கு மொதலாளி."

"பாம்புதானேய்யா!"

"பாம்புதான். நான் என்ன யானைன்னா சொன்னேன்? உசிரு இருக்கிற இடத்துல நான் அமுக்க மாட்டேன்."

"அப்ப வெரட்டிவிடு."

"முட்டை மேல உட்கார்ந்திருக்கு. நீங்க வாங்க, நான் டார்ச் பிடிக்கிறேன், நீங்க வெரட்டுங்க."

முதலாளி போனை வைத்துவிட்டார். அரை மணி நேரத்தில் அவர் மனசு மாறினாலும் மாறியிருக்கும், ஒரு வழி பிறந்திருக்கும். ஆனால் அதற்குள் மச்சினன் பிளவுக்குள் போனை நீட்டிப் படம் எடுத்து, ஊர் உலகத்துக்கெல்லாம் அனுப்பிவிட்டான். மத்தியானம் வனத்துறை ஜீப் வந்து நின்றது.

"ஏன்டா மாப்ளே, உன்னை யார்ரா அனுப்பச் சொன்னா?"

"எல்லாரும் பார்த்துட்டு லைக் போடுறாங்க மாமா!"

"லைக்கா? இப்ப மருந்து போட்ட துளை அம்புட்டையும் யார் காலி பண்றது? உன் லைக்கா வந்து காலி பண்ணும்?"

ஜீப்பில் வந்தது ஒரு பெண் அதிகாரி. குட்டையான உருவம், கனமான பூட்ஸ், எதையும் இரண்டாவது தடவை சொல்லாத குரல். அவர் பிளவைப் பார்த்தார், பாம்பைப் பார்த்தார், எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். "முட்டை பொரிஞ்சு எல்லாம் போற வரைக்கும் இங்க வெடி கிடையாது."

"முட்டையைக் கூடையில எடுத்து வேற எடத்துல வச்சா என்னம்மா?"

"கோழி முட்டை மாதிரி இதைப் புரட்டக் கூடாது. புரண்டுச்சுன்னா உள்ள இருக்கிற குஞ்சு செத்துரும். இதான் என் முடிவு."

மருந்து நிரப்பிய துளைகளை அப்படியே விட்டுவைக்க முடியாது. வெடிப்பதை விட வெடிக்காமல் எடுப்பதுதான் ஆபத்து என்பது அந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். வெடிக்காரர் எல்லாரையும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் அனுப்பினார். மச்சினன் "நானும் வரேன் மாமா" என்று நின்றான். "நீ வந்து படம் எடுக்கவா? போடா" என்று விரட்டினார். ஒவ்வொரு துளையிலும் கல்தூளைத் தண்ணீர் பீய்ச்சிக் கரைத்து, மருந்தைக் கழுவி, தோட்டாவை ஒயரோடு நூல் நூலாக மேலே இழுக்க வேண்டும். எங்காவது சிக்கினால் இழுக்கக் கூடாது, மறுபடி தண்ணீர் விட்டுக் காத்திருக்க வேண்டும். பஸ்ஸுக்குக் காத்திருக்காத மனிதர் வெயிலில் மண்டியிட்டுக் காத்திருந்தார். ஒரு துளையில் தோட்டா பாதியில் மாட்டிக்கொண்டு நின்றது. அதில் தண்ணீர் விட்டுவிட்டு, கையை உதறி, பாம்பையும் அதன் ஏழு தலைமுறையையும் நிதானமாக, ஒரு சொல் விடாமல் திட்டி முடித்துவிட்டு மறுபடி இழுத்தபோது வந்துவிட்டது. பொழுது சாயும்போது கீழே இறங்கினார். முட்டி இரண்டும் தோல் உரிந்திருந்தது. பிளவைக் கடந்தபோது உள்ளே திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் முதலாளி மியூசியத்திலிருந்து ஒருவரை அழைத்துக்கொண்டு வந்தார். மெலிந்த ஆள், கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்கியது. பாம்புகளை வகை பிரிப்பதுதான் அவருக்கு வேலை. காலையில் பாம்பு வெளியே வந்து பாறை மேல் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. முதல் நாள் பார்த்ததை விடக் கறுத்துப்போயிருந்தது. மியூசியக்காரர் தள்ளி நின்று பைனாகுலரில் அதன் தலையை வெகுநேரம் பார்த்தார்.

"தெற்கத்தி வகை. தலைக்கு மேல பாருங்க, செதில் எல்லாம் பொடிப்பொடியா உடைஞ்சிருக்கு. கண்ணுக்குக் கீழ இருக்கிற கறுப்புத் திட்டும் சின்னது."

"சின்னதா?" என்றார், அதற்குள் ஜீப்பில் வந்து இறங்கியிருந்த வனத்துறை அம்மா. "நல்லா முக்கோணமா, பெருசா இருக்கு. செதிலும் முன்பக்கம் அகலமாத்தான் இருக்கு. வடக்கத்தி வகை."

வெடிக்காரர் இருவருக்கும் நடுவில் நின்றார். மியூசியக்காரர் சொன்னது பாதி காதில் விழவில்லை. "வடக்கோ தெற்கோ, வெடிக்கலாமா கூடாதா? அதை மட்டும் சொல்லுங்க."

அங்கேதான் வில்லங்கமே இருந்தது. ஒரு காலத்தில் இரண்டையும் ஒரே இனம் என்றுதான் புத்தகங்கள் சொல்லின. ஒரே இனம், அதில் இரண்டு உட்பிரிவு. பிறகு வந்தவர்கள் செதிலை எண்ணி, அடையாளங்களை ஒப்பிட்டு, இரண்டும் தனித்தனி இனம் என்று பிரித்துவிட்டார்கள். வடக்கத்தி வகைக்குப் பழைய பெயர் நின்றது, தெற்கத்தி வகைக்குத் தனிப்பெயர் வந்தது. ஆனால் சட்டத்தில் இருப்பது பழைய பெயர் மட்டும்தான்.

"ஆக, தெற்கத்தி வகைக்குச் சட்டத்துல பாதுகாப்பு இல்ல" என்றார் மியூசியக்காரர்.

"சட்டம் எழுதினப்ப அந்தப் பேருக்குள்ள ரெண்டும் இருந்துச்சு. அப்படிப் பார்த்தா ரெண்டுக்கும் பாதுகாப்பு உண்டு" என்றார் வனத்துறை அம்மா.

"நீங்க சொல்றது சட்டம். நான் சொல்றது விஞ்ஞானம்."

"வெடி வைக்கிறதுக்கு மட்டும் விஞ்ஞானம் ஞாபகம் வருதா உங்களுக்கு?"

"ஏங்க," என்றார் வெடிக்காரர், "இதைப் பிரிச்சாங்களே, அந்தப் பாம்புகிட்ட யாராவது ஒரு வார்த்தை சொன்னாங்களா? அது பாட்டுக்கு இங்க வந்து முட்டை போட்டுருச்சு. நான் என் மருந்தைக் கழுவிக்கிட்டு நிக்கிறேன்."

மியூசியக்காரர் விடவில்லை. வாலுக்குப் பக்கத்தில், கால் இருந்திருக்க வேண்டிய இடத்தில், நகம் மாதிரி இரண்டு சின்ன முள் இருக்குமாம். இந்த ஜாதிப் பாம்புகளுக்கு ஆதியில் கால் இருந்ததற்கு அதுதான் மிச்சமாம். ஆணுக்குப் பெரிதாக இருக்கும், பெண்ணுக்குச் சிறிதாக இருக்கும். அதையும் பார்த்துவிட்டால் நல்லது என்றார்.

"முட்டை போட்டிருக்குய்யா! இன்னும் ஆணா பொண்ணான்னு பார்க்கணுமா?" என்று முதலாளியே கத்திவிட்டார். தான் பணம் கொடுத்து அழைத்து வந்த ஆள் என்பதுகூட அவருக்கு மறந்துபோயிற்று.

கடைசியில், பிளவுக்கு வெளியே பாம்பு உரித்துப்போட்ட சட்டைத் துண்டு ஒன்றைப் பரிசோதனைக்கு அனுப்புவது என்று முடிவானது. பதில் வரும் வரை யாரும் எதையும் தொடக் கூடாது. வேடிக்கை பார்க்கக் கூட்டம் வருவதால் ஒரு காவலாள் வேண்டும். முதலாளி வெடிக்காரரைப் பார்த்தார். "நீ சும்மாதானே இருக்கே? நீயே இரு."

லைசென்ஸ் வாங்கிய வெடிக்காரர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பாம்புக்குக் காவல் இருந்தார். இதை விடக் கேவலம் அவர் வாழ்க்கையில் நடந்ததில்லை. கிரஷர் ஒரு பக்கம் பழைய கல்லை அரைத்துக்கொண்டிருந்தது. மச்சினனை வேறு பக்கத்துக்குத் துளை போட அனுப்பிவிட்டார்கள். வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்விகளைக் கேட்டார்கள்.

"விஷம் உண்டா?"

"கெடையாது."

"அப்ப கடிக்காதா?"

"கடிக்கும். பல்லு எல்லாம் பின்பக்கம் வளைஞ்சிருக்கும், மாட்டினா விடாது. சுத்தி இறுக்கிக் கொன்னுட்டுத்தான் முழுங்கும்."

"ஆளை முழுங்குமா?"

"பக்கத்துல போங்க, தெரிஞ்சிரும்."

"தூங்குதா, செத்துப்போச்சா?"

இதற்கு அவர் பதில் சொல்வதை நிறுத்திவிட்டார்.

வனத்துறை அம்மா வாரம் ஒரு தடவை வந்து சொல்லிப்போவது அவர் வலது காதில் விழுந்து அங்கேயே தங்கியது. உதட்டோரத்தில் தெரிகிற குழிகள் சூட்டை உணர்வதற்கு. இருட்டிலும் எலி எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியும். நிறம் கறுத்தது வெயிலை வாங்கிக்கொள்ள. காலையில் வெளியே வந்து உடம்பைச் சூடேற்றிக்கொண்டு, அந்தச் சூட்டோடு உள்ளே போய் முட்டைகளைச் சுற்றிக்கொள்ளும். மறுபடி வரும், மறுபடி போகும். முட்டை போட்டதிலிருந்து ஒரு வாய் தின்னவில்லை.

இதை வீட்டில் போய்ச் சொன்னார். மனைவி வாசல் அறையில் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். அந்தத் தெருவில் பாதிப் பேருக்கு அவள்தான் தைக்கிறாள்.

"முட்டை போட்டதுலேர்ந்து ஒண்ணுமே திங்கலையாம் அது."

"நீங்க மட்டும் நேரம் தவறாம வந்துடுறீங்க."

"நான் என்ன முட்டையா போட்டேன்?"

"போட்டிருந்தாலாவது ஒரு எடத்துல உட்கார்ந்திருப்பீங்க" என்றாள் அவள். வெடி வேலை நின்றதிலிருந்து சாயங்காலம் சீக்கிரமே வீட்டுக்கு வந்து, அவர் சும்மா இருக்காமல் நன்றாக ஓடிய தையல் மிஷினைக் கழற்றி எண்ணெய் போட்டு மாட்டியதில் அது இப்போது நூலைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தது. "போய்ப் பாம்பையே பாருங்க. அது உங்க தொல்லையைத் தாங்குது. என்னால ஆகாது."

ஒரு நாள் முதலாளி தனியாக வந்து நாற்காலிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார், அதனால் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. பிளவு வாயில் கொஞ்சம் புகை போட்டால் பாம்பு தானாகவே போய்விடும், யாருக்குத் தெரியப்போகிறது என்றார். வெடிக்காரருக்கும் அது ஓடாத யோசனை அல்ல. எத்தனையோ தடவை ஓடியிருக்கிறது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"மொதலாளி, நான் அன்னைக்கு உச்சி வெயில்ல அந்தத் தோட்டாவை ஒண்ணொண்ணா உருவினேன் பாருங்க. இப்ப புகை போட்டு வெரட்டினா, அந்த வேலையை நான் எதுக்குச் செஞ்சேன்? அன்னைக்கே அமுக்கியிருக்கலாம்ல?"

"நீ ஒரு பைத்தியக்காரன்யா."

"ஆமா. அதான் பாம்புக்கு வாட்ச்மேனா இருக்கேன்."

முதலாளி எழுந்து போய்விட்டார். வெடிக்காரருக்கு அப்புறம் நாள் முழுக்க எரிச்சலாக இருந்தது. முதலாளி மேலா, பாம்பு மேலா, தன் மேலா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

முட்டை பொரிந்த அன்று அவர்தான் முதலில் பார்த்தார். பிளவின் வாயில் விரல் பருமனில் ஒன்று, பளபளவென்று, தாயிடம் இருந்த அதே பட்டை, அதே ஈட்டி அடையாளம். அதற்குப் பின்னால் இன்னொன்று. அப்புறம் எண்ணவே முடியவில்லை. அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்று வனத்துறை அம்மாவுக்குப் போன் போட்டுக் கத்தினார். "பொரிஞ்சிருச்சும்மா! எல்லாம் வெளிய வந்துருச்சு! நாளைக்குத் துளை போட்டுரலாம்ல?"

"அவசரப்படாதீங்க. இன்னும் ரெண்டு வாரம் ஆகும்."

"என்னது?"

"ரெண்டு வாரம்! குட்டிங்க பகல்ல வெயில் காயும், சாயங்காலம் திரும்ப உள்ள போய் அம்மா சுருளுக்குள்ள படுத்துக்கும். அதுங்க போற வரைக்கும் அம்மா அங்கேயேதான் இருக்கும்."

"ஏம்மா, பாம்புக்குட்டிக்கு என்னம்மா அம்மா? பொறந்த ஒடனே அதது பாட்டுக்கு ஓடும்னுதானே எல்லாரும் சொல்வாங்க?"

"பெரும்பாலான பாம்பு அப்படித்தான். இது அப்படி இல்ல."

"எல்லாத்துலயும் இது மட்டும் அப்படி இல்ல!" என்று சொல்லிவிட்டு அவர் போனைச் சட்டைப் பையில் போட்டார். விழுந்து கிடந்த நாற்காலியை நிமிர்த்தி மறுபடி உட்கார்ந்தார். வேறு என்ன செய்வது?

அந்த அம்மா சொன்னபடியே நடந்தது. வெயில் இறங்கியதும் குட்டிகள் ஒவ்வொன்றாகப் பிளவுக்குள் திரும்பும். ஒரு குட்டி மட்டும் தினமும் வழி தவறி அவர் நாற்காலிக்கு அடியில் வந்து சுருண்டுகொள்ளும். ஒரு குச்சியை எடுத்து அதைத் தள்ளித் தள்ளிப் பிளவு வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் அவர் வீட்டுக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. "அறிவிருக்கா உனக்கு? எல்லாம் எந்தப் பக்கம் போகுதுன்னு பார்க்க மாட்டியா?" என்று அதைத் திட்டுவார். மச்சினன் ஒரு தடவை தூரத்திலிருந்து இதைப் படம் எடுத்துவிட்டான். அந்தப் படத்தைத் தையல் கொடுக்க வந்தவர்கள் மனைவியிடம் காட்ட, அவள் சிரித்த சிரிப்பில் ஊசி ஒடிந்துபோயிற்று.

ஒரு நாள் காலையில் வந்து பார்த்தபோது பிளவு காலியாக இருந்தது. தாயும் இல்லை, குட்டிகளும் இல்லை. காய்ந்த முட்டை ஓடுகள் தோல் மாதிரிச் சுருங்கிக் கிடந்தன. அவர் தவழ்ந்து உள்ளே போய் மூலை வரை டார்ச் அடித்துப் பார்த்தார். வெளியே வந்து நாற்காலியைச் சுற்றிப் பார்த்தார். வாரக்கணக்கில் எந்த நாளுக்காகக் காத்திருந்தாரோ அந்த நாள் வந்துவிட்டது. ஆனாலும் டீ குடிக்கப் போகிறவர் போகாமல், முற்பகல் வரை அங்கேயே நின்றார். யாராவது கேட்டிருந்தால், உறுதி செய்துகொள்ளத்தான் நின்றேன் என்று சொல்லியிருப்பார்.

அதற்கும் பிறகு, யாருக்கும் வேண்டாத நேரத்தில், பரிசோதனையின் பதில் வந்தது. தாய் வழியில் ஒரு வகை, தகப்பன் வழியில் இன்னொரு வகை. இரண்டும் கலந்தது. தாங்கள் இருவருமே சரி என்று நிரூபணமாகிவிட்டதாக மியூசியக்காரரும் வனத்துறை அம்மாவும் ஆளுக்கொரு போன் போட்டு வெடிக்காரரிடம் சொன்னார்கள். கலப்புக்குச் சட்டத்தில் என்ன இடம் என்று அவர்கள் புதுச் சண்டையைத் தொடங்கியிருந்தார்கள்.

"கடைசியில அதுக்கு என்னதான் பேராம்?" என்று மனைவி கேட்டாள்.

"ரெண்டும் இல்லையாம். ரெண்டும்தானாம். என்னைக் கேட்காதே, தலை வலிக்குது."

கழுவிய துளைகள் தூர்ந்துபோயிருந்ததால் மேல் தட்டில் மறுபடி துளை போட அளவு வைத்தார்கள். மச்சினன் பழைய கோட்டிலேயே மேற்கு ஓரம் வரை குச்சி நட்டுக்கொண்டு போனான். வெடிக்காரர் பின்னாலேயே போய்க் கடைசி மூன்று குச்சிகளைப் பிடுங்கினார்.

"என்ன மாமா? பாறைச் சுவர் கோணலா வருமே!"

"வரட்டும்."

"அந்தம்மா ஆர்டர் போட்டாங்களா?"

"யாரும் போடல. நான் சொல்றேன், இந்தப் பக்கம் வேண்டாம். அடுத்த வருஷம் அது திரும்ப இங்க வந்து பார்த்துட்டு, எடம் இல்லைன்னு வேற எங்கயாவது நடுப்பாறையில போய் முட்டை போட்டுச்சுன்னா? மறுபடி யார் நாற்காலி போட்டு உட்கார்றது? நீயா?"

சைரன் ஊதியது. அவர் சுற்று நடந்தார், பிளவில் குனிந்து பார்த்தார், போய் அமுக்கினார். பாறை சரிந்து புழுதி அடங்கியபோது சுவர் மேற்கு ஓரத்தில் பல் துருத்திக்கொண்டு நிற்கிற மாதிரி நின்றது. நேர்க்கோட்டில் பாறை உடைப்பதில் பெயர் எடுத்தவருக்கு அதைப் பார்க்கவே கூசியது. பக்கத்துக் குவாரிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, வயசாகிவிட்டதா என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து கதையைச் சொல்லி அவருக்குத் தொண்டை வறண்டது.

மறு வருஷம் பாம்பு வரவில்லை. அந்தப் பிளவில் ஒரு முள்ளம்பன்றி குடிவந்தது. வந்ததோடு நிற்காமல், பாறை அடியில் விரித்து வைத்த வெடி ஒயரை இரண்டு இடத்தில் கடித்து வைத்தது. வெடிக்காரர் அறுந்த ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டே வனத்துறை அம்மாவுக்குப் போன் போட்டார்.

"அம்மா, முள்ளம்பன்றி சட்டத்துல இருக்கா இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

அந்த அம்மா சற்று யோசித்தார். "அதுலயும் ரெண்டு வகை இருக்கு" என்று ஆரம்பித்தார்.

வெடிக்காரர் போனை வைத்துவிட்டு, நாற்காலியை எடுத்து வரச் சொன்னார்.